ஒண்டுக் குடித்தனத்துச் சிச்சிலிகள்

சென்னை அயனாவரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஆறு குடித்தனங்களும், ஒரு குழாயும், ஒரு முருங்கை மரமும், வீட்டுக்காரம்மாளின் ஓயாத கண்காணிப்பும் இருந்தன. அவற்றோடு ஏழாவது குடித்தனமாக 1984-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு மீன் தொட்டியும் வந்து சேர்ந்தது. என்னோடு பணி புரிந்த நண்பர் ஒருவர் மதுரைக்கு மாற்றலாகிப் போகும்பொழுது, கொண்டுபோக இயலாத சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்த்து, எவரும் விலைக்குக் கேளாமல் எஞ்சி நின்ற அந்தத் தொட்டியைத் தானமாகக் கொடுத்த புண்ணியமாவது கிடைக்கட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டுச் சென்றார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் கொள்ளும். மணலும் கல்லும் அடைத்துக்கொண்ட இடம் போக, மீன்களுக்கு மிஞ்சுவது 45 லிட்டர். முந்தின ஆண்டின் தண்ணீர்ப் பஞ்சம் எவர் மனத்தை விட்டும் அகலாதிருந்த அக்காலத்தில், குழாயடியில் மூன்று குடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஊற்றிய என்னை மற்ற ஐந்து குடித்தனத்தாரும் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. என் தாயார் மட்டும், "மனுஷங்களுக்கே இங்க எடமில்ல, மீனுக்கு ஒரு போர்ஷனா?" என்று கேட்டதோடு தம் ஆட்சேபணையை முடித்துக்கொண்டு, கூடத்து மூலையில் இருந்த அரிசிப் பீப்பாயை நகர்த்தி இடமும் ஒதுக்கிக் கொடுத்தார்.

அந்நாளில் மீன் வாங்குவதென்றால் மூர் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும். பழம்புத்தகங்களுக்கும், கிராமபோன் தட்டுகளுக்கும், கூண்டுக் கிளிகளுக்கும், முயல்களுக்கும் இடையே கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த ஒரு கடையில், ஜவுளிக்கடையில் புடவை எடுப்பவரைப்போல நிறத்தையும் பகட்டையும் மட்டுமே பார்த்து, நீண்ட துடுப்புகளை மேலாடைபோல் விரித்து அசையாமல் நின்ற இரண்டு ஏஞ்சல் மீன்களையும், அவற்றின் அமைதிக்கு மாறாக ஓரிடத்தில் நில்லாமல் துள்ளிக்கொண்டிருந்த ஆறு டைகர் பார்ப் மீன்களையும், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்த ஒரு சக்கர் மீனையும் வாங்கினேன். இவை ஒன்றோடொன்று ஒத்து வாழுமா என்று நான் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குக் கடைக்காரரும் விடை சொல்லவில்லை. மூன்று இனங்களும் சாதுவானவையே. ஒன்றும் மற்றொன்றை விழுங்கிவிடும் அளவுக்குப் பெரியதன்று. ஆகவே எந்த அநர்த்தமும் நேராதென்று நான் தீர்மானித்ததில் அதிசயமில்லை.

நான்கே நாளில் ஏஞ்சல்களின் துடுப்புகள் கந்தலாயின. டைகர் பார்ப் தீய சுபாவமுள்ள மீனன்று. ஆனால் தன் இனத்தோடு கூட்டமாகத் துரத்தி விளையாடுவதே அதன் ஜீவிதமாகையால், கூட்டம் சிறிதாகவும் இடம் குறுகியதாகவும் இருக்கும்பொழுது, எதிரே மெதுவாக ஆடும் எந்த நீண்ட இழையையும் அதனால் கடியாமல் விட முடியாது. ஏஞ்சலோ, அமேசான் ஆற்றின் தேங்கிய நீர்ப்பரப்பில் செடித் தண்டுகளுக்கிடையே நிழலோடு நிழலாக நிற்பதற்கென்றே தட்டையாகவும் உயரமாகவும் அமைந்த மீன். விரட்டினால் ஓடத் தெரியாது. பகலெல்லாம் பார்ப் கடித்த புண்கள் போதாவென்று, இரவில் விளக்கணைத்த பிறகு அந்தச் சக்கர் தன் இருப்பிடத்தை விட்டெழுந்து, ஏஞ்சலின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் உடம்பின் வழுவழுப்பை உறிஞ்சுவதையும் ஒரு நாள் டார்ச் விளக்கில் கண்டேன். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் இந்த மீன், வளர்ந்தால் ஓரடிக்கு மேல் நீளும் என்பதையும், தொட்டியிலிருந்து ஏரியில் விடப்பட்டவற்றின் சந்ததிகள் பிற்காலத்தில் நம் நீர்நிலைகளை அடைத்துக்கொள்ளப்போகின்றன என்பதையும் நான் அன்று அறியேன். ஒரு ஏஞ்சல் தலைகீழாக மூலையில் நின்று இரண்டு நாளில் இறந்தது. மற்றொன்றை ஊறுகாய் ஜாடியொன்றில் தனியே வைத்துப் பிழைக்கச் செய்தேன்.

இச்சம்பவத்துக்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினேன். ஏஞ்சல் என்பது சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது என்றும், ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட இனங்களாக அக்குடும்பம் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் பரவியிருக்கிறது என்றும், விக்டோரியா, டாங்கனிக்கா, மலாவி என்னும் மூன்று ஏரிகளில் மட்டுமே நூற்றுக்கணக்கான இனங்கள் வாழ்கின்றன என்றும் கன்னிமாரா நூலகத்துப் புத்தகங்கள் சொல்லின. இம்மீன்களுக்கு மூக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு துவாரமே உண்டு. பெரும்பாலான மற்ற மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு. வாயிலுள்ள தாடை தவிர, தொண்டைக்குள்ளும் இரையை அரைக்கும் ஒரு ஜோடித் தாடை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முட்டையிட்டதும் திரும்பிப் பாராமல் போய்விடும் மீன்களைப்போல் அல்லாமல், முட்டையையும் குஞ்சையும் கண்ணின் மணிபோல் காக்கும் சுபாவம் இக்குடும்பத்துக்குப் பொது. இவற்றின் மூர்க்கத்தில் பெரும்பகுதி இந்த வாத்ஸல்யத்திலிருந்தே பிறப்பது. குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவனுக்கு அடுத்தவன் எல்லாரும் திருடனாகத் தோன்றுவதுபோல.

சிக்லிட் என்ற சொல் என் தாயாரின் நாவில் நுழையவில்லை. "சிச்சிலி" என்றே அவர் சொல்லி வந்தார். சிச்சிலி என்பது நம் மொழியில் மீன்கொத்திப் பறவைக்குப் பெயர். மீனைத் தின்னும் பறவையின் பெயர் மீனுக்கே வாய்த்ததில் எனக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. பிறகு நானும் அப்படியே அழைக்கலானேன். சந்தையில் விற்கும் ஜிலேபிக் கெண்டையும் இந்தக் குடும்பந்தான் என்று நான் சொன்னபொழுது, வாரம் ஒரு முறையாவது அந்த மீனை ஆய்ந்து குழம்பு வைத்துப் பழகிய அவர், ஜாடியிலிருந்த ஏஞ்சலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுல சதையாவது இருக்கும்" என்றார்.

1985-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அதற்குப் பின் என் மீன் யாத்திரை கொளத்தூரை நோக்கித் திரும்பியது. வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டிகளைக் கட்டி, தென்னங்கீற்றை நிழலுக்கு மேலே பரப்பி, அலங்கார மீன்களைக் குடும்பமாக வளர்த்து விற்பவர்கள் அவ்வூரில் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுள் ஒரு பெரியவரிடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய் உட்காரும் வழக்கம் எனக்கு ஏற்பட்டது. அவர் படித்தவரல்லர், ஆயினும் எந்த மீன் எந்தத் தொட்டியில் எந்த மூலையில் முட்டை வைக்கும் என்பதைச் சோதிடர் ஜாதகம் பார்ப்பதுபோலச் சொல்லிவிடுவார். உடம்பெல்லாம் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்ட ஒரு மீனை அவரிடம் கண்டு நான் ஆசைப்பட்டேன். சிறைக்கைதியின் பட்டைச் சட்டையை ஒத்திருப்பதால் ஆங்கிலேயர் அதற்குக் கைதி என்று பொருள்படும் கான்விக்ட் என்ற பெயரை இட்டிருக்கிறார்கள். மத்திய அமெரிக்க நாடுகளின் ஓடைகளில் வாழ்வது. ஆண் நாலைந்து அங்குலத்துக்கு மேல் வளர்வதில்லை. பெண் அதிலும் சிறியது, ஆனால் பெண்ணின் வயிற்றில்தான் ஆரஞ்சு நிறம் துலங்கும். பெரியவர் வலையைக் கையில் எடுக்குமுன் என்னைப் பார்த்து, "தம்பி, இந்த ஜோடிக்கு ரெண்டடித் தொட்டி போதும். ஆனா இந்த ஜோடிக்கும் இன்னொருத்தனுக்கும் சேர்த்து ரெண்டடித் தொட்டி போதாது" என்றார். நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு, கழுத்துச் சிவந்த ஃபயர்மவுத் மீன்கள் இரண்டையும் கூடவே வாங்கினேன். இரண்டும் அமெரிக்கக் கண்டத்தின் அதே நடுப்பகுதியைச் சேர்ந்தவையாகையால், ஊர்க்காரர்கள் ஒத்துப்போவார்கள் என்பது என் யுக்தி.

ஃபயர்மவுத் மீனின் வீரம் முழுவதும் அபிநயத்தில் அடங்கியது. எதிரியைக் கண்டால் செவுள் மூடிகளை இரு புறமும் விரித்து, தீப்போன்ற தொண்டையைப் புடைத்து, மூடிகளின் மேலுள்ள கரும்புள்ளிகள் இரு பெருங்கண்களாகத் தோன்றும்படி நின்று அச்சுறுத்தும். எதிர்த்து வருபவனும் அதே இலக்கணத்தை அறிந்தவனாயின், இருவரும் சிறிது நேரம் விரித்து நின்றுவிட்டுக் கௌரவமாகப் பிரிந்துபோவர். கைதி மீனுக்கு அந்த இலக்கணம் தெரியாது. அல்லது தெரிந்தும் பொருட்படுத்துவதில்லை. உடைந்த பூந்தொட்டியின் பாதியைக் கவிழ்த்து நான் வைத்திருந்த குகைக்குள் பெண் முட்டைகளை ஒட்டிய அன்று மாலை, ஃபயர்மவுத் தன் நாடகத்தை ஆரம்பித்தது. ஆண் கைதி நேராக வந்து அதன் விரிந்த செவுளையே கடித்தது. அன்று முதல் தொட்டியின் எல்லைகள் மாறின. முதல் நாள் குகையைச் சுற்றி ஒரு சாண் தூரம் அவர்கள் ராஜ்யமாயிருந்தது; மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தபொழுது பாதித் தொட்டி ஆயிற்று; ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியபொழுது இரண்டடியும் அவர்களுடையதாகி, ஃபயர்மவுத் இரண்டும் ஃபில்டர் குழாயின் பின்னால், நீரின் மேல்மட்டத்தில், மூச்சு வாங்கியபடி தொங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் ஒன்று தரையில், அரிசிப் பீப்பாயின் அடியில் காய்ந்து கிடந்தது. எஞ்சியதை அன்றே கொளத்தூருக்குக் கொண்டுபோய்ப் பெரியவரிடம் திரும்பக் கொடுத்தேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் வசையைக் காட்டிலும் கொடிதாயிருந்தது.

இனித் தம்பதிகள் நிம்மதியாக வாழ்வார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. வெளியே விரட்டுவதற்கு எவருமில்லாமற்போன பத்து நாளில், முதல் ஈட்டுக் குஞ்சுகள் சற்றே பெரியவையானதும், ஆண் மீன் பெண்ணை விரட்டத் தொடங்கியது. வாலின் ஓரம் கிழிந்து, அந்தப் பெண் மீனும் அதே ஃபில்டர் குழாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. துணை வைத்தால் துணை சாகிறது. துணையை எடுத்தால் மனைவி சாகிறாள். இதற்கு என்ன வழி என்று திகைத்திருந்த சமயத்தில், கான்ராட் லாரன்ஸ் என்னும் ஆஸ்திரியப் பேரறிஞரின் நூல்கள் கைக்குக் கிடைத்தன. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், தம் வீட்டுத் தொட்டிகளில் சிச்சிலிகளை வளர்த்து வருஷக்கணக்கில் பார்த்தவர். 1963-இல் வெளியான அவருடைய நூலொன்றில் ஒரு செய்தி வருகிறது. ஒரே பெரிய தொட்டியைக் கண்ணாடித் தடுப்பால் இரண்டாக்கி, இரு புறமும் ஒவ்வொரு ஜோடியை விட்டால், ஆண்கள் இரண்டும் தடுப்பின் ஊடே ஒன்றையொன்று முறைத்துத் தங்கள் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள, இரு குடும்பங்களிலும் சமாதானம் நிலவுகிறது. தடுப்பின் மேல் பாசி படர்ந்து அடுத்த வீட்டுக்காரன் கண்ணுக்கு மங்க மங்க, ஆண் தன் மனைவியிடம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்குகிறது. பாசியைத் துடைத்துவிட்டால் போதும். தாம்பத்தியம் பழையபடி சீராகிவிடுகிறது.

இதை நான் ஏதோ பெரிய விஞ்ஞான ரகசியத்தை வெளியிடுபவன்போல என் தாயாருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் முறத்திலிருந்து தலை நிமிராமல், "இத சொல்றதுக்கு ஒருத்தன் சீமையில உக்காந்து புஸ்தகம் எழுதணுமா? எதிர் போர்ஷன் மூணு மாசம் காலியா கெடந்துச்சே, அப்பத்தான் உங்கப்பா எங்கிட்ட அவ்ளோ சண்ட போட்டாரு. அவங்க வந்து குழாயடியில தகராறு ஆரம்பிச்சப்புறந்தான் வீட்டுல அமைதி" என்றார். பெரம்பூர் ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்ந்து, அப்போது காலஞ்சென்று மூன்று வருஷமாகியிருந்த என் தந்தையாரைப் பற்றி அவர் சிரித்தபடி பேசியது அதுவே முதல் முறை.

அன்று முதல் தொட்டிக்குத் துணை தேடும் ஆலோசனைகளில் அவரையும் சேர்த்துக்கொண்டேன். பெண்ணெடுக்கும் வீட்டில் கேட்பதுபோலவே அவர் ஒவ்வொரு மீனைப் பற்றியும் விசாரிப்பார்: எந்த ஊர், என்ன சாப்பாடு, எந்நேரம் தூங்கும், எங்கே படுக்கும், கோபம் எப்போது வரும். ஆராய்ந்து பார்த்தால், ஒரு மீனைச் சிச்சிலியோடு விடலாமா என்பதற்குக் கேட்க வேண்டியவை ஏறக்குறைய இவையே. கைதிகளுக்கு வேண்டியது, அவர்களுடைய தரையைத் தீண்டாததும், விரட்டினால் நொடியில் ஓடி மறைவதும், ஓடியபின் அவமானம் பாராட்டாமல் மறுபடியும் கண்ணெதிரே வந்து நிற்பதும், கடித்தாலும் கிழிவதற்கு நீண்ட துடுப்பில்லாததும், விழுங்க முடியாத பருமனுள்ளதுமான ஒரு கூட்டம். பெரியவர் யோசியாமல், "ஜயண்ட் டானியோ எடுத்துக்கப்பா, நம்ம ஓடைல கெடைக்கிற மீனு" என்றார். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் நீரோட்டத்தை எதிர்த்துப் பாய்ந்து பழகிய, நீலமும் பொன்னும் கோடிட்ட அந்த மீன் மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்குவது அபூர்வம். இதில் மற்றொரு லாபமும் உண்டு. மேலே சிறு மீன்கள் சஞ்சலமின்றி நீந்துவதைக் கண்டால், பருந்தோ கொக்கோ அருகில் இல்லை என்று கீழேயுள்ள சிச்சிலி தெரிந்துகொள்ளும். ஒளிந்தே கிடக்கும் கூச்சமுள்ள மீனும் தைரியமாக வெளியே வரும்.

டானியோக்களை விடுமுன் என் தாயார் ஒரு நிபந்தனை விதித்தார். "வெள்ளையடிக்கிறாப்புல எல்லா சாமானையும் எடுத்து எடம் மாத்திடு. பழைய ஆளுக்குத் தன் எடம் எதுன்னே தெரியக் கூடாது. அப்பத்தான் புதுசா வந்தவனோட சண்டைக்குப் போவமாட்டான், தன் எடத்தத் தேடிக்கிட்டிருப்பான்." அவ்வண்ணமே கற்களையெல்லாம் வெளியே எடுத்து, வேறு விதமாக அடுக்கி, ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியாதபடி நடுவே ஒரு பலகைக் கல்லை நிறுத்தினேன். பாதிப் பூந்தொட்டியையும் அவர் ஏற்கவில்லை. ஒரு வாசலுள்ள வீட்டில் உள்ளே சிக்கினவள் எப்படித் தப்புவாள் என்று கேட்டு, அடிப்புறம் உடைந்து போன சிறிய மண்பானை ஒன்றைப் படுக்கவைக்கச் சொன்னார். அதற்கு இரண்டு வாய். விளக்கை அணைத்து, கைதிகளுக்கு வயிறு நிறையப் புழுவைப் போட்டபின், இருட்டில் ஆறு டானியோக்களையும் விட்டேன். பல வருஷங்களுக்குப் பின், தேர்ந்த மீன் வளர்ப்போர் கையாளும் முறைகளாகவே இவை எழுதப்பட்டிருப்பதைப் படித்தேன். அவற்றை எழுதியவர்கள் எவரும் ஒண்டுக் குடித்தனத்தில் இருந்திருக்க மாட்டார்கள்.

சமாதானம் ஏற்பட்டது என்று சொல்லமாட்டேன்; ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. ஆண் கைதி நாளெல்லாம் மேலே பாய்ந்து டானியோக்களைக் கலைக்கும். அவை சிதறி, மறுகணம் கூடும். அது வெற்றி வீரனாகத் திரும்பி வந்து பானையின் வாயில் நின்று மனைவியின் எதிரே உடலை நடுக்கிக் காட்டும். பெண்ணின் வால் ஆறியது. மாதந்தோறும் குஞ்சுகள் பிறந்தன. வழி தவறி மேலே போனவற்றை டானியோக்கள் தின்றன. மிஞ்சியவற்றைக் கேட்பார் ஒருவருமில்லை. தெருவிலுள்ள பையன்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்ந்தபின், கடைசியில் கொளத்தூர்ப் பெரியவரின் ஆஸ்கர் மீன்களுக்கு அவை இரையாகப் போயின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு குடம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு நாள் ஆறவைத்த புதுத் தண்ணீரை ஊற்றுவேன். எடுத்த தண்ணீரை முருங்கையின் வேரில் விட்டதில் அந்த வருஷம் மரம் காய்த்துத் தள்ளியது. வீட்டுக்காரம்மாள் முதல் எதிர் போர்ஷன்காரர் வரை அனைவரும் காய் பறித்தார்கள். குழாயடியில் என்மேல் இருந்த பார்வையும் மாறியது.

ஆஸ்கரைப் பற்றிச் சொன்னேன். வில்லிவாக்கத்தில் என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இரண்டங்குல ஆஸ்கர் குஞ்சொன்றை வாங்கி, இருபது கப்பி மீன்களோடு விட்டார். அது மாதத்துக்கு ஓர் அங்குலம் வீதம் வளர்ந்தது. கப்பிகள் இருபதும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அண்ணனோ, அவை குதித்து வெளியே போய்விடுகின்றன என்று நம்பி, தொட்டிக்கு மூடி செய்வித்தார். கடையில் நாம் பார்ப்பது குழந்தை; வீட்டில் வாழப்போவது அதன் தகப்பன். மலாவி ஏரியின் பாறை மீன்களை நான்கடித் தொட்டியில் நெருக்கமாக நிரப்பி வைத்திருந்த நண்பர் ஒருவர் வீட்டில், கூட்டம் மிகுந்தால் எவனும் எவனையும் குறிவைத்து அடிக்க முடியாது என்ற விபரீத நியாயம் உண்மையாகவே பலித்ததையும் கண்டேன்; ஆனால் அத்தனை மீன்களின் கழிவையும் தாங்க அவர் வைத்திருந்த ஃபில்டர்களின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. இரண்டடித் தொட்டிக்காரன் அந்த வித்தையைக் கையாளலாகாது. பின்னாளில் மலேசியாவில் கலப்பினமாக உண்டாக்கி, அதிருஷ்டம் தரும் என்று வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த ஃபிளவர்ஹார்னுக்கு மட்டும் துணையைப் பற்றிய கவலையே இல்லை. அதைத் தனியே விடுங்கள், அவ்வளவுதான்.

1996-ஆம் ஆண்டில், கைதிகள் மூப்படைந்து போய்ச் சேர்ந்தபின், கொளத்தூர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு, சிமெண்டுத் தொட்டியின் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த மஞ்சள் மீன்களைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட உடல். மாலை வெயிலின் நிறம். விலாவில் ஒரு கரும்புள்ளி. எந்தத் தேசத்து மீன் என்று கேட்டேன். "பழவேற்காடு" என்றார்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய சிச்சிலிகள் மூன்றே மூன்று. அவற்றுள் பெரியது, கேரளத்தார் வாழையிலையில் சுற்றிப் பொரிக்கும் கரிமீன். சிறியது, அவர்கள் பள்ளத்தி என்றழைக்கும் இந்த மஞ்சள் மீன். மற்றொன்று கன்னட நாட்டு ஆறுகளில் உள்ளது. இவற்றுக்கு நெருங்கிய பந்துக்கள் இருப்பது கடல் கடந்து மடகாஸ்கர் தீவில். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், 1795-இல், ஜெர்மன் அறிஞர் பிளாக் இந்த மஞ்சள் மீனுக்கு அறிவியற்பெயர் சூட்டியபொழுது, புள்ளியுள்ளது என்னும் பொருளில்தான் சூட்டினார். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அமேசானையும் ஆப்பிரிக்காவையும் பற்றிப் படித்துவந்த நான், முப்பது மைல் தூரத்துக் காயலில் இருந்த சிச்சிலியை அறியாதிருந்தேன்.

ஆறு குஞ்சுகளாக வாங்கி வந்து, அவற்றுள் தாமாக ஒரு ஜோடி சேரும்வரை பொறுத்திருந்து, மற்ற நான்கையும் திருப்பிக் கொடுத்தேன். இம்முறை என் தாயாரின் முதற்கேள்வி தண்ணீரைப் பற்றியது. ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்து மீனாகையால் சற்றே உப்புக் கரித்தால் நல்லது என்றேன்; கல்லுப்பில் ஒரு கைப்பிடி எடுத்துத் தந்தார்; நிறுத்துப் பார்த்தேன், நூறு கிராம், லிட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல்; அதை முன்கூட்டி ஒரு குடத்தில் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றினேன். உப்பு நீர் டானியோவுக்கு ஒவ்வாது. ஆகவே உப்பைத் தாங்கும் கறுப்பு மோலிகளை ஐந்து விட்டேன். பானையும் பலகைக் கல்லும் பழையவையே. பள்ளத்தி முட்டையிட்டபொழுது, தாயும் தந்தையும் முறை போட்டுத் துடுப்பால் விசிறிக் காத்தன. மோலிகள் நெருங்கினால் ஓரடி தூரம் துரத்திவிட்டுத் திரும்பின. ஒன்றுக்கும் ஒரு செதிலும் போகவில்லை. மோலிகளின் குஞ்சுகள் மட்டும் ஒன்றும் தப்பவில்லை.

இயற்கையில் இம்மீன்களுக்குத் துணை யார் என்பதையும் பின்பு படித்தேன். இலங்கையின் காயல்களில் ஆராய்ந்த இரு அமெரிக்க அறிஞர்கள் 1972-இல் எழுதியதன்படி, பள்ளத்திகள் கரிமீனின் உடலை நெருங்கி, அதன் தோலிலும் துடுப்பிலும் ஒட்டியுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று சுத்தம் செய்கின்றன. கரிமீனும் அசையாமல் நின்று அதற்கு இடங்கொடுக்கிறது. அதே பள்ளத்தி, சந்தர்ப்பம் கிடைத்தால் கரிமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். நாவிதரும் திருடரும் ஒருவரே. இதைச் சொன்னபொழுது என் தாயார் எதிர் போர்ஷன்காரியின் பெயரைச் சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய நான்காம் நாள் அவர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். கண் மங்கிவிட்ட அக்காலத்தில், கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு பார்த்தார். கடுகளவு குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் போய்ப் பெற்றோரின் விலாவில் முட்டி முட்டித் திரும்பிக்கொண்டிருந்தன. தோலில் சுரக்கும் வழுவழுப்பே அக்குஞ்சுகளுக்கு ஆகாரம் என்று விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கு மட்டும் பால் குடுக்குற புத்தி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

அவர் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அயனாவரத்து வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். தொட்டி இப்போது என் வில்லிவாக்கத்து வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. இரண்டு வாயுள்ள பானையும் அதற்குள்ளேயே இருக்கிறது. சிச்சிலிகள் இரண்டு, மோலிகள் ஐந்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு குடம் தண்ணீர் மாற்றுகிறேன்.